எஞ்சின் இல்லாமல் பறந்த போர் விமானம்
(விமானச் சிற்பி கர்ட் டாங்க் வரலாறு)



பந்திங் பிள்ளைகளுக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமே இல்லை. 1998-இல் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது முதல் விமானம் போவதும் வருவதும் நமக்குப் பழகிப்போன காட்சி. விடுமுறை நாளில் புக்கிட் ஜுக்ரா பக்கம் போனால், எஞ்சினே இல்லாமல், பெரிய குடை போன்ற துணியில் தொங்கிக்கொண்டு மனிதர்கள் கடற்காற்றில் மிதப்பதையும் காணலாம்.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் ஒரு விசித்திர விமானம் 1959-ஆம் ஆண்டு பெங்களூரில் பறந்தது. உருவத்தைப் பார்த்தால் கூர்மையான மூக்கும் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையும் கொண்ட ஜெட் போர் விமானம். இரட்டை எஞ்சின் வைக்க வேண்டிய விமானம். ஆனால் அதில் எஞ்சின் ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்க மரம்! டக்கோட்டா விமானம் ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போகும். உயரம் போனதும் விட்டுவிடும். அது தானாக மிதந்து வந்து இறங்கும். இப்படி ஒரு முறை இரு முறை அல்ல, 78 முறை பறந்தது. எக்ஸ்-241 என்பது அதன் பெயர்.

இதைச் செய்ய வைத்தவர் கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர். பெயரைக் கேட்டதும் பீரங்கி வண்டி ஞாபகம் வந்து சிரிக்காதீர்கள். அவர் வாழ்நாளில் செய்ததெல்லாம் விமானம்தான்.

1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் அன்றைய ஜெர்மனியைச் சேர்ந்த பிரோம்பெர்க் நகரில் டாங்க் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பாட்டனாரும் தந்தையாரும் இராணுவத்தில் இருந்தவர்கள். முதலாம் உலகப் போர் வந்தபோது பையனுக்கு விமானப் படையில் சேர ஆசை. தந்தையோ விடவில்லை. குடும்ப வழக்கப்படி குதிரைப்படைக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்து அப்பாக்கள் சொன்னால் சொன்னதுதான்! டாங்க் குதிரைப்படையில் சேர்ந்து, வீரத்துக்குப் பதக்கங்கள் பெற்று, அதிகாரியாகத் திரும்பினார். குதிரையோடு கழித்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

போர் முடிந்தபின் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். தோற்ற நாடாகிய ஜெர்மனிக்கு அப்போது எஞ்சின் விமானம் கட்டுவதில் கடுமையான தடைகள் இருந்தன. எஞ்சின்தானே கூடாது, எஞ்சின் இல்லாமல் பறந்தால் யார் என்ன சொல்வது? மாணவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். மரத்தை அறுத்து, இழைத்து, பசை தடவி, துணி போர்த்தி, மிதவை விமானங்கள் செய்தார்கள். தாங்களே ஏறிப் பறந்தார்கள். பெர்லினில் அப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கியவர்களில் டாங்க் ஒருவர். செய்தவன்தான் முதலில் ஏறிப் பார்க்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். இந்த வழக்கத்தை அவர் வெகு காலம் விடவில்லை. பெரிய தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளரான பிறகும், தாம் வரைந்த விமானத்தைத் தாமே ஓட்டிப் பார்ப்பார். விமானம் வரைகிற பெரியவர்களில் இப்படிப்பட்டவர் மிக அபூர்வம்.

படிப்பு முடிந்து ரோர்பாக் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1931-இல் பிரேமன் நகரத்து ஃபோக்க-வுல்ஃப் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் கைபட்டு வந்த பயணிகள் விமானம் ஒன்று 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க் வரை எங்கும் இறங்காமல் சுமார் 25 மணி நேரத்தில் பறந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அடுத்து வந்ததுதான் ஃபோக்க-வுல்ஃப் 190. 1939 ஜூனில் முதலில் பறந்த இந்தப் போர் விமானம் இருபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. குதிரைக் கதை இங்கேதான் வருகிறது. பந்தயக் குதிரை வேகமாக ஓடும். சேற்றில் விட்டால் காலை ஒடித்துக்கொள்ளும். போர்க்களத்துக்கு வேண்டியது அது அல்ல. கரடுமுரடான தரையைத் தாங்கி, கிடைத்ததைத் தின்று, அரைகுறைப் பயிற்சி பெற்றவன் ஏறினாலும் சமாளித்து ஓடும் உழைப்புக் குதிரைதான் வேண்டும். விமானத்தையும் அப்படியே செய்யவேண்டும் என்பது டாங்க் கொண்ட கொள்கை. அதனால்தான் அதன் சக்கரங்களை நன்றாக அகட்டி வைத்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தத் திறமை எல்லாம் இட்லர் ஆட்சிக்கு உழைத்த திறமை. அந்த விமானங்கள் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. அந்தக் காலத்து ஜெர்மன் தொழிற்சாலைகளில் பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டார்கள். ஃபோக்க-வுல்ஃப் நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. நம் தோட்டப்புறங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குத் தமிழர்களை ஆயிரம் ஆயிரமாக ஜப்பானியர் ஏற்றிக்கொண்டு போனார்களே, அதே ஆண்டுகள்தான். போனவர் திரும்பாத வீடுகள் நம்மவர்களில் எத்தனையோ உண்டு. ஆகவே டாங்க்கை மகான் என்று நான் எழுதப்போவதில்லை. கைத்திறமை ஒரு பக்கம், அது யாருக்காக என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

1943-இல் அவர் மரத்தாலேயே ஓர் இரட்டை எஞ்சின் போர் விமானம் செய்தார். ஆங்கிலேயர்களிடம் மரத்தால் ஆன விமானம் ஒன்று இருந்தது. அதற்குக் கொசு என்று பெயர். அந்தக் கொசுவின் கடி தாங்காமல்தான் இவர்களும் மரத்துக்குப் போனார்கள். டி.ஏ. 154 என்ற அந்த விமானம் 1943 ஜூலை முதல் நாள் பறந்தது. நன்றாகவே பறந்தது. பிறகு வந்தது வினை. ஒட்டுப்பலகையைச் சேர்க்கும் பசை வுப்பர்டால் நகரில் ஒரு தொழிற்சாலையில்தான் செய்யப்பட்டது. அது குண்டுவீச்சில் அழிந்தது. மாற்றுப் பசை ஒன்றைப் பூசினார்கள். அதில் இருந்த வேதிப்பொருள் மரத்தையே அரித்தது. விமானங்கள் விபத்துக்கு உள்ளாயின; 1944-இல் டாங்க் வேலையை நிறுத்தினார். வரைபடம் சரி, கணக்கு சரி, மரமும் சரி. பசை சரியில்லை, விமானம் போச்சு! கைவேலைப் பாடத்தில் பசை காய்வதற்குள் இழுத்துப் பார்க்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

போரில் ஜெர்மனி தோற்றது. டாங்க் 1947-இல் வேறு பெயரில் அர்ஜென்டினா நாட்டுக்குப் போனார். கூட வேலை பார்த்தவர்கள் பலரும் பின்னால் போனார்கள். கோர்டோபா நகரில் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தைச் செய்தார்கள். எஞ்சின் விமானத்துக்கு முன்பாக, எஞ்சின் இல்லாத முழு அளவு மாதிரியை அங்கேயே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1951-இல் பியூனஸ் அயர்ஸ் நகரத்து மக்கள் பார்க்க, ஜெட் விமானத்தை டாங்க் தாமே ஓட்டிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் அதே 1951-இலும் அடுத்த 1952-இலும் அந்த விமானத்தில் இரண்டு விமானிகள் இறந்தார்கள். 1955-இல் அதிபர் பெரோன் பதவி இழந்தார், வேலையும் போயிற்று.

அடுத்த அழைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. 1956 ஆகஸ்டில் டாங்க் பெங்களூர் வந்து இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். கூட வந்த ஜெர்மானியப் பொறியாளர் சுமார் 18 பேர். அவர்களிடம் கேட்கப்பட்டது சாதாரண வேலை அல்ல. ஒலியின் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகம், 60,000 அடி உயரம், 500 மைல் தூரம் போய்ப் போரிட்டுத் திரும்பும் சக்தி. இதைக் கேட்ட தொழிற்சாலையோ அதுவரை சொந்தமாக வரைந்து செய்திருந்தது எச்.டி.-2 என்ற சிறிய பயிற்சி விமானம். வி. எம். காட்டகே என்ற இந்தியப் பொறியாளர் உருவாக்கி 1951-இல் பறந்தது அது. மிதிவண்டி செய்து பழகிய பட்டறையில் போய்ப் பந்தயக் கார் கேட்டதுபோல் ஆயிற்று!

இங்கேதான் டாங்க் தம் மாணவப் பருவத்து மரவேலைக்குத் திரும்பினார். முதலில் உலோகத்தில் கை வைக்கவேண்டாம், மரத்தில் முழு அளவில் ஒன்று செய்து பறக்கவிடுவோம் என்று முடிவாயிற்று. அதே நீளம், அதே இறக்கை வளைவு, அதே கட்டுப்பாட்டு அமைப்பு, இரண்டு பேர் உட்கார இடம்.

ஏன் முழு அளவு? சின்னதாக ஒன்று செய்து பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விமானத்தைப் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்குச் சுருக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கையின் பரப்பு நூறில் ஒரு பங்கு ஆகிறது. அதே பொருளால் செய்தால் எடையோ ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். அப்படியென்றால் இறக்கையின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கவேண்டிய சுமை பத்தில் ஒரு பங்குதான். சின்னது சுலபமாக மிதக்கும். அதை நம்பிப் பெரியதில் ஆளை ஏற்றமுடியாது. விமானத்தைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியுமா? சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பது அவசியம்தான். அதில் கிடைக்கும் எண்களைப் பெரிய விமானத்துக்கு ஏற்றாற்போல் திருத்திக் கணக்கிடுவார்கள். ஆனால் தரை இறங்கும்போது கைப்பிடி எப்படி இருக்கிறது, வேகம் குறைந்தால் இறக்கை எப்போது கைவிடுகிறது, திருப்பினால் திரும்புகிறதா, முரண்டு பிடிக்கிறதா என்பதெல்லாம் ஆள் ஏறிப் பறந்தால்தான் நிச்சயமாகத் தெரியும். அதிவேகத்தில் என்ன ஆகும் என்பதை மர விமானம் சொல்லாது. மெதுவான வேகத்தில் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிடும். விமானம் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தானே?

78 பயணம் முடிந்தபின், ஒரு முறை இறங்கும்போது முன்சக்கரம் வெளியே வராமல் போய், மர விமானம் பலமாகச் சேதமடைந்தது. அதற்குள் அது தன் கடமையை முடித்திருந்தது. எனக்கு என்னமோ டாங்க் செய்த வேலைகளிலேயே இந்த மர விமானத்தின்மீதுதான் மரியாதை அதிகம். இருபதாயிரம் போர் விமானங்களைவிட இந்த ஒன்று பெரிது. புதிதாகக் கற்கும் பொறியாளர்கள், வேறொரு நாட்டு விமானிகள். அவர்கள் உயிருக்கு மரத்தையும் நேரத்தையும் செலவழித்து வாங்கிய காப்பு அது.

1961 ஜூன் மாதம் எஞ்சினோடு கூடிய உண்மை விமானம் பெங்களூரில் எழும்பியது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ் என்ற சோதனை விமானி. விமானத்தின் பெயர் எச்.எஃப்.-24 மாருத். காற்றின் மகன் என்பதால் அனுமனை மாருதி என்கிறோம் அல்லவா, அந்தக் காற்றுதான் மாருதம்.

சென்னைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. டாங்க்கின் குழுவில் ஒருகாலத்தில் வேலை பார்த்த வால்டர் ரெப்பன்தின் என்ற ஜெர்மானியர், குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் கற்பித்தார். அவரிடம் படித்தவர்களில் இராமேசுவரத்துப் பையன் ஒருவர். படிப்பு முடித்து, பெங்களூரில் இதே இந்துஸ்தான் தொழிற்சாலையில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பயிற்சி பெற்றார். யார் என்று தெரிகிறதா? 2015-இல் மறைந்த டாக்டர் அப்துல் கலாம்தான்! தம் வாழ்க்கை வரலாற்று நூலில் டாங்க்கின் பெயரை அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

மாருத்துக்கு உடம்பு நன்றாக அமைந்தது. இதயம்தான் கிடைக்கவில்லை. 3,700 கிலோ உந்துவிசை தரும் பிரிட்டிஷ் ஆர்ஃபியூஸ் எஞ்சின் இரண்டு கிடைக்கும் என்று நம்பித்தான் விமானத்தை வரைந்தார்கள். அந்த எஞ்சினை முடிக்கப் பிரிட்டன் பணம் கேட்டது. இந்திய அரசு அந்தச் செலவை ஏற்க முன்வரவில்லை. எஞ்சின் வேலை நின்றது. கடைசியில் 2,200 கிலோ தரும் சின்ன எஞ்சின்களையே பொருத்தினார்கள். பத்துக் குதிரை இழுக்கவேண்டிய வண்டியை ஆறு குதிரை இழுத்த கதை! இரண்டு மடங்கு ஒலிவேகம் கனவாகவே போயிற்று. ஒலிவேகத்தைத் தொடுவதே பெரும்பாடு ஆயிற்று. எகிப்து நாட்டில் உருவான எஞ்சினை வைத்துப் பார்த்தார்கள். 1969-இல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. பழியை டாங்க் தலையில் போடுபவரும் உண்டு, டில்லி தலையில் போடுபவரும் உண்டு. என்னைக் கேட்டால், எஞ்சின் கையில் வருமுன்னே அதை நம்பி விமானம் வரைந்ததில் டாங்க்குக்கும் பங்கு உண்டு. வந்த விலையைக் கொடுக்கத் தயங்கியதில் அரசுக்கும் பங்கு உண்டு. மர விமானம் எல்லாவற்றையும் சோதித்தது. தன்னிடம் இல்லாத எஞ்சினை அது எப்படிச் சோதிக்கும்?

ஆனாலும் மாருத் வீணாகிவிடவில்லை. பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147 செய்யப்பட்டன. 1971 போரில் இராஜஸ்தான் பாலைவனத்துப் பக்கம் அவை ஈடுபட்டன. தரையிலிருந்து சுடப்பட்டு ஒரு எஞ்சின் பழுதான நிலையில், மற்ற எஞ்சினின் உதவியோடு மூன்று முறையாவது மாருத்துகள் தளம் திரும்பியிருக்கின்றன. இரட்டை எஞ்சின் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த விமானிகளின் வீட்டார் பதில் சொல்வார்கள்.

சுரஞ்சன் தாசுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாருத்துக்குக் கூடுதல் விசை தரும் எஞ்சின் பொருத்திய சோதனை விமானத்தில் 1970 ஜனவரி 10-ஆம் நாள் புறப்பட்டபோது விபத்தில் மாண்டார். பெங்களூரில் இன்று ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி இருக்கிறது.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாருத்தின் மாதிரி செய்ய விரும்பும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக அளவுகளைத் தருகிறேன். உண்மை விமானம் 15.87 மீட்டர் நீளம், இறக்கை முனைக்கு முனை 9 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். கடைகளில் விற்கும் மாதிரிகளின் வழக்கமான அளவாகிய 72-இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் நீளம் 22 சென்டிமீட்டர், இறக்கை 12.5, உயரம் 5. உங்கள் ஒரு அடிக்கோலைவிடச் சின்னது. முதலில் மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து என மூன்று படம் கட்டத்தாளில் வரையுங்கள். அதை மென்மரத்தில் ஒட்டி அறுங்கள். இறக்கையும் வாலும் மெல்லிய ஒட்டுப்பலகையில் இருக்கட்டும். உப்புத்தாளால் தேய்ப்பதில்தான் பாதி வேலை, அவசரப்படக்கூடாது. இது மேசையில் வைத்துப் பார்க்கும் மாதிரி, பறக்காது. பறக்கவேண்டுமானால் தடித்த அட்டையிலோ பல்சா மரத்திலோ லேசாகச் செய்து, மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்து, எடை முன்பக்கம் நிற்கிறதா என்று பார்த்து, தாழ்வான இடத்திலிருந்து புல்தரையில் விட்டுப் பழகவேண்டும். விழுந்தால் எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். பத்து முறை எழுதினால் என்ன திருத்தவேண்டும் என்று நோட்டே சொல்லும். அறுக்கிற வேலைக்கு மட்டும் அப்பாவையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாங்க் 1967-இல் இந்தியாவை விட்டுத் தாயகம் திரும்பினார். அங்கே விமான நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5-ஆம் நாள் மியூனிக் நகரில் காலமானார். வயது எண்பத்தைந்து. அவர் வரைந்த மாருத் விமானங்கள் 1990 வாக்கில் படையிலிருந்து விடைபெற்றன. ஒன்று பெங்களூர் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இன்னொன்று கடல் தாண்டிப் போய், அவர் இறந்த மியூனிக் நகருக்குப் பக்கத்தில், ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் இந்திய விமானப் படையின் அடையாளத்தோடு நின்றுகொண்டிருக்கிறது.